எந்தச் சல்லடை, அண்ணாச்சி?

ஆபீஸ் உலகத்தில் இரண்டே வகை ஜீவன்கள். ரிப்போர்ட் கேட்பவர்கள், ரிப்போர்ட் கொடுப்பவர்கள். முதல் வகைக்கு ஏ.சி. அறையும் சுழல் நாற்காலியும் உண்டு. இரண்டாம் வகைக்குக் கழுத்து வலி மட்டும் உண்டு. இந்த வாரம் இரண்டாம் வகைக்காக எழுதுகிறேன். முதல் வகையினர் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் படிக்கலாம், ஆட்சேபணை இல்லை.

தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்ஸி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கம்ப்யூட்டர் பிரிவில் ஒரு பையன். கீழவைப்பாரிலிருந்து தினம் பஸ் ஏறி வருகிறான். அப்பா கடலில் சங்கு குளிப்பவர். வீட்டில் முதல் டிகிரி. ஜன்னலோர ஸீட் கிடைத்தால் தூத்துக்குடி வரும் வரை தூக்கம், கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூக்கம்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிடுகிறார்.

"தம்பி, போன மாசம் எத்தனை கன்டெய்னர் போச்சு? ஒரு ரிப்போர்ட் போடு."

போட்டான்.

செவ்வாய்: "கொழும்புக்குப் போனது மட்டும் தனியா வேணும்ப்பா."

புதன்: "கொழும்புக்குப் போனதுல கருவாடு மட்டும்."

வியாழன்: "அதையே போன வருஷம் இதே மாசத்துக்குக் கொடேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை மேனேஜர் லீவு. பையன் மாதா கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

ஒவ்வொரு தடவையும் பையன் என்ன செய்கிறான்? பழைய ரிப்போர்ட்டை அப்படியே காப்பி எடுத்து, உள்ளே 'கொழும்பு' என்று ஒரு வார்த்தையை மாற்றி, புதுப் பெயர் வைக்கிறான். 'ரிப்போர்ட்', 'ரிப்போர்ட் நியூ', 'ரிப்போர்ட் நியூ ஃபைனல்', 'ரிப்போர்ட் ஃபைனல் ஃபைனல்'. மூன்றே மாதத்தில் அறுபத்துச் சொச்சம் ரிப்போர்ட். எது எதற்கு என்று அவனுக்கே தெரியாது. நடுவில் வாடகைக் கணக்கிடும் முறை மாறியது. அறுபதிலும் போய் மாற்ற வேண்டும். நாற்பதில் மாற்றினான். மிச்ச இருபதும் பழைய கணக்கையே காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. ஒரே மாதத்துக்கு இரண்டு விதமான லாபம் வந்தது. ஆடிட்டர் மட்டும் சந்தோஷப்பட்டார்.

உங்கள் ஆபீஸிலும் இதே கதைதானே? தலையாட்ட வேண்டாம், பக்கத்து ஸீட்காரர் பார்க்கிறார்.

இதற்கு மருந்து சுலபம். அறுபது ரிப்போர்ட் எழுதாதே. ஒன்றே ஒன்று எழுது. ஓடுவதற்கு முன்னால் அது ஆளைப் பார்த்துக் கேட்கட்டும்: எந்த மாதம்? எந்த ஊர்? என்ன சரக்கு? இந்தக் கேள்விக்குத்தான் ரிப்போர்ட் சாஃப்ட்வேர்களில் பாராமீட்டர் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்துகிறது. விஷயம் ஹோட்டலில் சர்வர் "காபியா, டீயா?" என்று கேட்பதுதான். கேட்காமல் அறுபது வகையும் போட்டு வைத்தால் அறுபதும் ஆறிப்போகும்.

இதில் என் கீழவைப்பார்ப் பையன் வெட்கப்பட வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அவன் ஊர்க் கடற்கரையில் இந்த வித்தை பல தலைமுறைப் பழசு.

*

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் முத்து வியாபாரிகளிடம் ஒரு ஸெட் பித்தளைச் சல்லடை இருக்கும். 'பெட்டி' என்பார்கள். மொத்தம் பத்து. 20, 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண் ஏற ஏறத் துளை சின்னது. குவித்து வைத்த முத்து ஒன்றுதான். எந்த எண் சல்லடையை எடுக்கிறீர்களோ அதற்குத் தகுந்த முத்து மேலே தங்கும், மற்றது கீழே விழும். பிறகுதான் நிறம், உருட்சி, எடை பார்த்து விலை.

கவனியுங்கள். முத்துக்களை மாற்றவில்லை. வியாபாரியை மாற்றவில்லை. சல்லடையின் எண்ணை மட்டும் மாற்றினார்கள். அந்த எண்தான் பாராமீட்டர்.

சங்குக்கும் இதே கதை. அரசாங்கம் சங்கு குளிப்பை நடத்திய நாட்களில் கரைக்கு வந்த சங்கைத் துளையிட்ட ஓர் அளவுகருவியில் விட்டுப் பார்ப்பார்கள். துளை வழியே விழுந்தால் குட்டி, திரும்பவும் கடலுக்கே. விழாமல் நின்றால் பெரிது, கல்கத்தாப் பக்கம் வளையல் அறுக்கப் போகும். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அன்றைய மொத்தக் கணக்கே மாறிவிடும்.

பையன் இதை வீட்டில் விளக்கினால் அப்பா என்ன சொல்வார்? "இதுல என்னலே அதிசயம்? எந்தப் பாருன்னு கேக்காம எவனாவது கடல்ல குதிப்பானா?" என்றுதான் கேட்பார். பார் என்றால் சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டு. முத்துக் குளிப்பு அறிவிப்பதற்கு முன்னால் ஒரு பாரிலிருந்து மாதிரிக்குச் சிப்பி எடுத்து, கழுவி, முத்துக்கு மதிப்புப் போட்டுப் பார்ப்பது வழக்கம். ஆனால் ஒரு பாரின் மதிப்பு இன்னொரு பாருக்குச் செல்லாது. எந்தப் பார் என்ற கேள்வி இல்லாத மதிப்பு, கடலில் போட்ட கையெழுத்து.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961ல். சல்லடைகள் போய்விட்டன. கேள்வி போகவில்லை.

*

கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். ஐ.பி.எம். கம்பெனி 1959ல் ரிப்போர்ட் தயாரிப்பதற்கென்றே ஒரு மொழி கொண்டுவந்தது. ஆர்.பி.ஜி. என்று பெயர். அப்போதெல்லாம் துளையிட்ட அட்டைகள்தான். பிறகு கோபாலிலும் டிபேஸிலும் 'அக்ஸெப்ட்' என்று ஒரு கட்டளை வந்தது. புரோகிராம் நடுவழியில் நின்று, கருப்புத் திரையில் கர்ஸரைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் தேதியை அடித்தால்தான் டாட்மேட்ரிக்ஸ் பிரிண்டர் கத்த ஆரம்பிக்கும்.

1993ல் மைக்ரோஸாஃப்ட்டின் விஷுவல் பேசிக் மூன்றாம் பதிப்போடு கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் இணைப்பாக வந்தது. வார இதழோடு ஷாம்பு பாக்கெட் வருகிற மாதிரி. ஷாம்பு தீர்ந்துவிடும், இது தீரவில்லை. கை மாறி மாறிக் கடைசியில் எஸ்.ஏ.பி. கம்பெனியிடம் போய்ச் சேர்ந்து இன்னும் பல ஆபீஸ்களில் ஓடுகிறது. அதில் நீங்கள் ஒரு பாராமீட்டர் செய்தால் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளும். கேள்வி என்று தெரிய வேண்டாமா!

மைக்ரோஸாஃப்ட் ஆக்ஸஸில் இன்னும் வேடிக்கை. நிபந்தனை எழுதும் கட்டத்தில் சதுர அடைப்புக்குள் 'எந்த ஊர்?' என்று எழுதிவிட்டால் போதும், ஓடும்போது அதையே பெட்டி போட்டுக் கேட்கும். ஆனால் ஒன்று. நீங்கள் ஒரு பத்தியின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டாலும், "இப்படி ஒன்று எனக்குத் தெரியாதே, இதற்கு என்ன மதிப்பு?" என்று அதே பெட்டியைப் போட்டுக் கேட்கும். கேட்காத கேள்வியை ரிப்போர்ட் கேட்டால் பேய் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்பெல்லிங் பார்க்கவும்.

டாலி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஆல்ட்டை அமுக்கி எஃப்2 தட்டினால் 'எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை' என்று கேட்கிறதே, அதுதான் இது.

*

சரி, கேள்வி கேட்டால் போதுமா? கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும்.

முதல் விதி: எழுதச் சொல்லாதே, பொறுக்கச் சொல். ஊர்ப் பெயரை டைப் அடிக்கச் சொன்னால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கீழவைப்பார் என்பான் ஒருவன். கீழ வைப்பார் என்று இடம் விட்டு அடிப்பான் இன்னொருவன். ஆங்கிலத்தில் என்றால் இந்த 'ழ' படுத்துகிற பாட்டுக்கு நாலு விதமாவது வரும். கம்ப்யூட்டருக்கு நாலும் நாலு ஊர். ஒன்றைக் கேட்டால் மற்ற மூன்றின் கணக்கும் காணாமல் போகும். அதனால் பட்டியல் கொடு, அதில் தொடட்டும்.

இரண்டாம் விதி: படிப்படியாகக் கேள். தமிழ்நாட்டு ஆயிரக்கணக்கான கிராமங்களையும் ஒரே பட்டியலில் தொங்கவிட்டால் 'க' வருவதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும். தமிழக அரசின் இணையதளத்தில் பட்டா பார்த்திருக்கிறீர்களா? முதலில் மாவட்டம். தூத்துக்குடி என்றால் அந்த மாவட்டத்து வட்டங்கள் மட்டும் வரும். விளாத்திகுளம் என்றால் அந்த வட்டத்துக் கிராமங்கள் மட்டும். பிறகு பட்டா எண்ணோ புல எண்ணோ. முந்தின பதில்தான் அடுத்த கேள்வியைச் சுருக்குகிறது.

மூன்றாம் விதி: வழக்கமான பதிலை நீயே போட்டு வை. டீக்கடை அண்ணாச்சி தினமும் வருகிறவரிடம் "சர்க்கரை எத்தனை ஸ்பூன்?" என்று கேட்பதில்லை. மேனேஜர் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை போன மாதத்தைத்தான் கேட்கிறார் என்றால் அதுவே தயாராக இருக்கட்டும். வேண்டுமானால் மாற்றிக்கொள்வார். பதினாலு கேள்வி கேட்கும் ரிப்போர்ட்டை யாரும் ஓட்ட மாட்டார்கள். பையனைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்வார்கள்.

நாலாவது விதி, பெயர்களின் ஜாதகம் பார். தூத்துக்குடி மாவட்டம் பிறந்தது 1986 அக்டோபர் 20ல். அதற்கு முன் அது திருநெல்வேலி. பிறந்தபோது வைத்த பெயர் சிதம்பரனார் மாவட்டம். 1997லிருந்து தூத்துக்குடி. துறைமுகம் 1974ல் பெரிய துறைமுகம் என்ற அந்தஸ்து பெற்றது, 2011ல் வ.உ.சி. பெயருக்கு மாறியது. பழைய ரெக்கார்டுகள் பழைய பெயரில் ஏறியிருந்தால், இன்றைய பெயரைப் பொறுக்கி முப்பது வருஷத்துக் கணக்கைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்துல வியாபாரமே இல்லையே" என்று முடிவு கட்டக்கூடாது. வியாபாரம் இருந்தது. பெயர்தான் வேறு.

ஐந்தாவது, இந்தக் கரைக்கே உரிய விசேஷம். டி'குரூஸ் என்று ஒரு குடும்பப் பெயர் உண்டல்லவா? ஆங்கிலத்தில் அதை எழுதும்போது நடுவில் மேலே ஒரு சின்னக் கொக்கி வரும். டேட்டாபேஸுக்கு அந்தக் கொக்கி என்றால் 'பெயர் இத்தோடு முடிந்தது' என்று அர்த்தம். பதிலை அப்படியே கட்டளைக்குள் ஒட்டி அனுப்பும் ரிப்போர்ட், டி'குரூஸைத் தேடச் சொன்னால் படுத்துவிடும். படுத்தால்கூடப் பரவாயில்லை. விஷமக்காரன் ஒருவன் அந்தக் கொக்கிக்குப் பின்னால் தன் கட்டளையை எழுதி அனுப்பினால், 'எல்லோருடைய சம்பளத்தையும் காட்டு' என்பதைக்கூட அது பணிவாக நிறைவேற்றும். அதனால்தான் பதிலைக் கட்டளையோடு ஒட்டாமல் தனி உறையில் போட்டு அனுப்பு என்கிறார்கள். பாராமீட்டரை முறையாகச் செய்தால் அந்த உறை தானாகக் கிடைக்கிறது.

ஆறாவது: கேள்வி வேறு, பூட்டு வேறு. 'எந்தக் கிளை?' என்று கேட்டுவிட்டு எல்லாக் கிளைகளையும் பட்டியலில் வைத்தால், மதுரைக்காரர் முதல் வேலையாகத் தூத்துக்குடிக்காரரின் இன்க்ரிமென்ட்டைத்தான் பார்ப்பார். யார் எதைப் பார்க்கலாம் என்பதை ரிப்போர்ட் தனியாகச் சோதிக்க வேண்டும்.

*

இவ்வளவு சொன்னேன், தேதியைச் சொல்லவில்லை. அதற்குத் தனிப் பாரா கொடுத்தே ஆக வேண்டும். வேலை பார்க்கும் இளைஞர்களின் வயிற்றில் அடிக்கும் பாராமீட்டர் அதுதான்.

ஒரு சேல்ஸ் தம்பி. வருஷ டார்கெட்டுக்கு இரண்டு லட்சம் பாக்கி. மார்ச் 31ம் தேதி மத்தியானம் வெயிலில் அலைந்து ஆர்டர் பிடித்து, சாயங்காலம் நாலு மணிக்கு பில் போட்டாயிற்று. இன்சென்டிவ் நிச்சயம் என்று வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லியும் ஆயிற்று. ஏப்ரலில் ரிப்போர்ட் வருகிறது: டார்கெட் எட்டவில்லை.

என்ன ஆயிற்று? ரிப்போர்ட் 'எதுவரை?' என்று கேட்டது. அக்கவுண்ட்ஸ்காரர் 31-3 என்று அடித்தார். பில்லில் தேதியோடு மணியும் சேர்ந்து பதிவாகியிருக்கிறது. மணி சொல்லாமல் வெறும் தேதி கொடுத்தால் பல டேட்டாபேஸ்கள் அதை 31ம் தேதி ராத்திரி பன்னிரண்டு மணி, அதாவது அந்த நாள் தொடங்கும் நொடி என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு 31ம் தேதி முழுக்க நடந்த வியாபாரம் வெளியே. தம்பியின் நாலு மணி பில்லும் வெளியே. யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, கம்ப்யூட்டரும் தப்பாகக் கூட்டவில்லை. கேள்வி ஒரு நாள் குட்டையாக இருந்தது, அவ்வளவுதான்.

வைத்தியம்: ரிப்போர்ட்டுக்குள் '31-3 வரை' என்பதை 'ஏப்ரல் 1 பிறப்பதற்கு முன்' என்று எழுத வேண்டும். டார்கெட் ஒரு நாள் வித்தியாசத்தில் தவறிய தம்பிகள் எல்லோரும் மேலதிகாரியிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால், கடைசி நாளின் பில்கள் ரிப்போர்ட்டில் இருக்கின்றனவா என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, 3/4 என்று அடித்தால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நாலா? நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்க முறையில் ஸெட் செய்த கம்ப்யூட்டருக்கு மார்ச் நாலு. 12ம் தேதிக்கு மேல்தான் அதற்கே சந்தேகம் வரும். ஆகவே காலண்டரைக் காட்டிப் பொறுக்கச் சொல்வது உத்தமம்.

*

ஆபீஸில் தப்பினால் இன்சென்டிவ் போகும். வெளியே தப்பினால் வீடே போகும். கல்யாணம் நிச்சயமாகி, ஐந்து சென்ட் மனை வாங்கலாம் என்று அலைகிற தம்பிமார்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளவும்.

வில்லங்கச் சான்று என்று ஒன்று வாங்குகிறோமே, ஈ.சி., அதுவும் பாராமீட்டர் வைத்த ரிப்போர்ட்தான். பதிவுத்துறையின் இணையதளம் என்ன கேட்கிறது? எந்தச் சார்பதிவாளர் அலுவலகம், எந்தக் கிராமம், என்ன சர்வே எண், என்ன உட்பிரிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. நீங்கள் நிரப்பியதற்கு மட்டும் அது பதில் சொல்லும். அந்தக் காலத்தில் அந்த எண்ணில் பதிவு ஏதும் இருந்தால் 15ம் எண் படிவம். இல்லாவிட்டால் 16ம் எண் படிவம். 'வில்லங்கம் இல்லை.'

இப்போது பாருங்கள். புரோக்கர் ஒருவர் வருகிறார். "தம்பி, சுத்தமான சொத்து. ஈ.சி.யே எடுத்துட்டு வந்துட்டேன். நில்!" என்று காகிதத்தை நீட்டுகிறார். நிஜமான காகிதம். போலி இல்லை. முத்திரை எல்லாம் சரி. 2010லிருந்து எடுத்திருக்கிறார். சொத்து அடமானத்துக்குப் போனது 2007ல்.

காகிதம் பொய் சொன்னதா? இல்லை. 2010க்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றது, உண்மை. 2007 பற்றி அதை யாரும் கேட்கவில்லை. சல்லடை எண்ணைத் தேர்ந்தெடுத்தது விற்கிறவர். முத்து வாங்குகிறவர் நீங்கள்.

சர்வே எண்ணிலும் இதே சங்கடம். 120/2 என்று இருந்த நிலம் பிற்பாடு 120/2ஏ, 120/2பி என்று பிரிந்திருக்கும். 2பி என்று மட்டும் கேட்டால், பிரிவதற்கு முன் 120/2 என்ற பெயரில் பதிவான பத்திரம் வராமல் போகலாம். 1980களில் நடந்த யூ.டி.ஆர். என்கிற நில ஆவண மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் உட்பிரிவுகள் மாறியிருக்கின்றன. ஆகவே மூலப் பத்திரத்தில் இருக்கும் பழைய எண்ணையும் போட்டுப் பாருங்கள். முப்பது வருஷத்துக்காவது பாருங்கள். கம்ப்யூட்டரில் ஏறாத காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். பதிவாகாத ஒப்பந்தமும் உயிலும் ஈ.சி.யில் வராது என்பதையும் நினைவில் வைத்து, ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். முக்கியமாக, கேள்விகளை நீங்களே நிரப்புங்கள். இணையதளத்தில் பார்ப்பதற்குக் காசு கிடையாது.

நல்ல ரிப்போர்ட் எழுதுகிறவன் செய்ய வேண்டிய கடைசிக் காரியமும் இதிலேயே இருக்கிறது. எந்தக் கேள்விக்கு இந்தப் பதில் என்பதைக் காகிதத்தின் தலையிலேயே அச்சடித்துவிட வேண்டும். ஊர்: கொழும்பு. சரக்கு: கருவாடு. காலம்: இதிலிருந்து இதுவரை. ஈ.சி.யில் இது இருக்கிறது. சர்வே எண்ணும் தேதிகளும் மேலேயே அச்சாகியிருக்கும். நாம்தான் அதைத் தாண்டிக் குதித்து 'இல்லை' என்ற வார்த்தையை மட்டும் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிறோம்.

நம் கீழவைப்பார்ப் பையன் அறுபது ரிப்போர்ட்டையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்று எழுதினான் என்று கதையை முடித்துவிடலாம். நாலு கேள்வி, வழக்கமான பதில் தயாராக, தலைப்பில் எல்லாம் அச்சாகிறது. மேனேஜர் அசந்துபோனார். இனிமேல் அவரே தட்டிப் பார்த்துக்கொள்ளலாம், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அடுத்த நாள் காலை பத்தரைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, பிரமாதம்! ஆனா ஒண்ணு. எந்த ஊர், எந்த மாசம்னு என்னையே கேக்குதேப்பா. அது உனக்குத் தெரியாதா?"